சிலேட்டில் அழிந்த வரிகள்

ஸ்ரீ கெம்பாங்கானில் சனிக்கிழமை மாலை சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன மாதம் படிவம் 2 படிக்கும் தம்பி ஒருவன் சோதனைத் தாளைக் கொண்டுவந்தான். விடைகள் பெரும்பாலும் சரி, ஆனால் புள்ளி குறைவு. ஜாலான் கெர்ஜா ஒரு வரிகூட இல்லை. ஏன்டா எழுதலைன்னு கேட்டேன். இராமானுஜனும் எழுதலையே அண்ணே என்றான்.

எனக்குச் சுருக்குனு இருந்தது. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னதே நான்தான். ஆனா பாதிதான் சொல்லியிருக்கேன். மீதி இதோ.

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் கணக்கர். பள்ளியில் படிக்கும்போது ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். தாள் வாங்கக் காசில்லை. அதனால் சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். நாமகிரித் தாயார் அருள் என்று நம்பினார். அதற்காகச் சிலேட்டைக் கீழே வைக்கவில்லை. வழிமுறை இல்லாமல் இல்லை, அழிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தோற்றதால் கல்லூரி உபகாரச் சம்பளம் போனது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை, மாதம் 30 ரூபாய். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் முடிவுகளைக் கடிதமாக அனுப்பினார். ஹார்டி வியந்தார், கூடவே நிரூபணமும் கேட்டார். காரணம் இருந்தது. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியதில் சில தவறு. 1914-ல் கப்பலேறிய பிறகு படிப்படியாக நிரூபித்து எழுதவும் பழகினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் மறைந்தார். நோட்டில் வெறும் முடிவாக விட்டுப் போனவற்றை நிரூபிக்க அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பியிடம் 1729-ஐக் கொடுத்தேன். ஹார்டி வந்த டாக்சியின் எண் அது. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று படுக்கையில் கிடந்த இராமானுஜன் உடனே சொன்னாராம். நீ வரி வரியா போட்டுக் காட்டு என்றேன்.

9 × 9 = 81; 81 × 9 = 729
10 × 10 × 10 = 1000
729 + 1000 = 1729

12 × 12 = 144; 144 × 12 = 1628
1 × 1 × 1 = 1
1628 + 1 = 1629

நூறு குறையுது. நான் வாயே திறக்கல. அவனே மேலே போய்ப் பார்த்தான். 144 × 10 = 1440, 144 × 2 = 288, கூட்டினால் 1728. கையிருப்பு 1-ஐ விட்டிருந்தான். வரி இருந்ததால் தப்பு அகப்பட்டது.

தம்பி தங்கைகளே, இராமானுஜனுக்குத் தாள் கிடைக்கல. நமக்குக் கிடைக்குது. எழுதுங்க.