பீரே பிடிக்காதவர் எடுத்த பீர் பாடம்!

பீரே பிடிக்காத ஒருத்தர், உலகத்துக்கே பீர் பாடம் எடுத்தார்னா நம்புவீங்களா? பால் பாக்கெட்டுல ‘பாஸ்ச்சுரைஸ்டு’னு போட்டிருக்குமே... அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் லூயி பாஸ்டர்தான் அவர்.

1822-ல் பிரான்ஸின் டோல் நகரில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். 1856-ல் லீல் நகரத்தில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டில் ஆல்கஹால் தயாரிக்கும் ஆலை முதலாளி ஒருவர், சரக்கு புளிச்சுப்போகுதுன்னு வந்து நின்றார். மைக்ராஸ்கோப்பில் தேடினார் பாஸ்டர். ஆல்கஹாலை உண்டாக்குவது ஈஸ்ட், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிக்க வைப்பது வேறொரு நுண்ணுயிர் என்பது புரிந்தது.

வெளியே புகழ். வீட்டிலோ இழப்பு மேல் இழப்பு. மூன்று மகள்களைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம், இடது பக்கம் முடங்கியது. 1870-ல் பிரஷ்யாவுடன் போர். பிரான்ஸுக்கு அடிமேல் அடி. கொதித்துப்போன பாஸ்டர், பான் பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து கையில் எடுத்ததுதான் பீர்! ஜெர்மனியைவிட நல்ல பீரை பிரான்ஸ் தயாரிக்கணும். அதுதான் அவர் நினைத்த பழிவாங்கல்.

1871-ல் லண்டன் விட்பிரெட் ஆலைக்கே போய், அவங்க ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்ன கோளாறுனு காட்டினார். 1876-ல் பீர் ஆய்வுகள் புத்தகமாக வந்தன. சுருக்கமா சொன்னா, காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வேண்டாத கிருமியை உள்ளே விடாதே!

பக்கத்து நாடான பெல்ஜியத்தில் கதையே வேறு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றி ‘லாம்பிக்’ பீர் காய்ச்சுபவர்கள், கொதித்த மால்ட் சாறை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவில் திறந்தே வைப்பார்கள். காற்றிலிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் அழையா விருந்தாளிகள். பிறகு மரப்பீப்பாயில் 1 முதல் 3 வருடம் ஊறும். பாஸ்டர் விரட்டச் சொன்ன அதே லாக்டிக் அமிலம்தான் அதில் நாக்கைச் சுண்டும் புளிப்பு. பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் தருவது பதனிட்ட தோல், குதிரை லாயம் மாதிரியான வாசம். தோல் தொழில் வீட்டுப் பிள்ளைக்குப் பழகிய வாசம்தான்!

அப்போ பாஸ்டர் தோற்றாரா? ஜெர்மன் பீரை அவரால் அசைக்க முடியலை. ஆனா, அந்தப் புளிப்பு ஏன் வருதுன்னு இன்னிக்குப் புரியுதுன்னா, அவர் போட்ட அடித்தளம்தான் காரணம். கிருமிகளை விடாமல் துரத்தியதில்தான் 1885-ல் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் கிடைத்தது. 1895-ல் அவர் மறைந்தார். 1907-ல் நம்ம குன்னூரில் அவர் பெயரிலேயே ஒரு தடுப்பூசி நிறுவனம் வந்தது. பழிவாங்கக் கிளம்பியவர், கடைசியில் எல்லா நாட்டுக்கும் சொந்தமாகிப்போனார்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)