சிறுமலரும் அச்சமும்

கையில் சிலுவையும் ரோஜா மலர்களும் ஏந்தி நிற்கும் புனித குழந்தை தெரேசம்மாளின் திருவுருவத்தை அறியாதார் நம்மில் யாருமில்லை. புன்முறுவல் பூத்த அந்த முகத்தைப் பார்க்கும்போது, இவர் நெஞ்சில் அச்சம் என்பதே எழுந்திராது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நம் வயதை எட்டும்வரை அச்சத்தால் நடுங்கிய சிறுமி அவர். அந்த நடுக்கத்தை அவர் எவ்வாறு வென்றார் என்பதை இங்கே காண்போம்.

தெரேசம்மாள் 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐந்து பெண்களில் தெரேசாவே கடைக்குட்டி. ஓடியாடித் திரிந்த அக்குழந்தைக்கு நாலரை வயதானபோது, 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், தாய் புற்றுநோயால் இறந்தார். அன்றுமுதல் அவள் குணமே மாறிற்று. புதியவர்களைக் கண்டால் ஒதுங்கினாள். சிறு சொல்லுக்கும் கண்ணீர் வடித்தாள். அக்கா பவுலினையே தன் தாயாக வரித்துக்கொண்டாள். தந்தை பிள்ளைகளுடன் லிசியே நகரில் குடியேறினார்.

1882ஆம் ஆண்டு அடுத்த இடி விழுந்தது. பவுலின் கார்மேல் மடத்தில் சேரப்போகும் செய்தி, அக்காமார் இருவரும் தமக்குள் பேசிக்கொண்டபோது தெரேசாவின் காதில் விழுந்தது. அக்டோபர் 2ஆம் நாள் பவுலின் மடத்துக்குள் சென்றார். பிறகு கம்பிக் கிராதிக்கு அப்பாலிருந்துதான் அக்காவைக் காண முடிந்தது. அதிலும் தெரேசாவுக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. அவளுக்குத் தலைவலி தொடங்கியது.

1883ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று தந்தை பாரீசுக்குச் சென்றிருந்தார். தெரேசா மாமா வீட்டில் தங்கியிருந்தாள். மாலையில் மாமா, இறந்துபோன தாயைப் பற்றிப் பேசினார். அன்றிரவே அவள் உடல் முழுதும் நடுங்கத் தொடங்கியது. போர்வைகளும் வெந்நீர்ப் புட்டிகளும் அந்த நடுக்கத்தை அடக்கவில்லை. ஏப்ரல் 6ஆம் நாள் பவுலின் துறவு உடை பெற்றபோது, வியக்கத்தக்க வகையில் தெரேசா எழுந்து சென்று அக்காவைத் தழுவிக்கொண்டாள். மறுநாளே நோய் திரும்பிவிட்டது.

மாமா மருத்துவரை அழைத்தார். தந்தை பாரீசில் வெற்றி அன்னை ஆலயத்தில் திருப்பலிகள் நிறைவேற்றப் பணம் அனுப்பினார். குடும்பத்தாருக்கு மருந்தும் வேண்டியிருந்தது, மன்றாட்டும் வேண்டியிருந்தது. மே 13ஆம் நாள், தூய ஆவியின் பெருவிழாவன்று, சகோதரிகள் கட்டிலருகே மண்டியிட்டு வேண்டினர். அறையிலிருந்த தேவ அன்னையின் சுரூபம் தன்னை நோக்கிப் புன்னகைத்ததைக் கண்டதாகத் தெரேசா பின்னர் எழுதினார். அன்றே நோய் நீங்கிற்று.

ஆயினும் அச்சம் முற்றும் அகலவில்லை. 1885ஆம் ஆண்டு தியானத்துக்குப் பின் மனச்சாட்சிக் கலக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. சாதாரண எண்ணம்கூடப் பாவமாகத் தோன்றியது. தலைவலியால் பள்ளிப் படிப்பையும் நிறுத்தி, வீட்டுக்கு அருகில் ஓர் ஆசிரியையிடம் தனியே பாடம் கற்றாள். அப்போது அவளுக்குத் துணை நின்றவர் மூத்த அக்கா மரி. தெரேசா தன் மனத்தை உறுத்தியவற்றையெல்லாம் ஒளிக்காமல் அவரிடம் சொல்வாள். பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவரே பிரித்துக் காட்டுவார். சொன்ன சிறிது நேரம் நெஞ்சு இலேசாகும். 1886 அக்டோபரில் மரியும் மடத்துக்குச் சென்றுவிடவே, சிறு வயதில் இறந்து விண்ணகம் சென்ற தன் உடன்பிறந்தார் நால்வரிடம் அவள் முறையிட்டாள். அமைதி கிடைத்தது.

தோழியரே, இங்கே சற்று நின்று பார்ப்போம். அச்சம் காரணமின்றி வந்ததுபோல் தோன்றினாலும், அது வந்த வேளைகளை வரிசைப்படுத்தினால் ஒன்று விளங்குகிறது. தாயின் மறைவு, பவுலினின் பிரிவு, தாயை நினைவூட்டிய ஒரு பேச்சு என்று, அன்புக்குரியவரை இழக்கும் வேதனையே அதன் வேராக இருந்தது.

1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா அவள் வாழ்வில் ஒரு திருப்பம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், வழக்கம்போல் கணப்படுப்பருகே பரிசுகளுடன் அவள் காலணிகள் வைக்கப்பட்டிருந்தன. களைத்திருந்த தந்தை, இந்தக் குழந்தை விளையாட்டு இவ்வாண்டோடு முடிவது நல்லதே எனும் பொருளில் ஏதோ சொன்னார். மாடிப்படியில் இருந்த தெரேசாவின் கண்கள் நிறைந்தன. உடனே கீழே போக வேண்டாம் என்று அக்கா செலின் தடுத்தாள். தெரேசாவோ கண்ணீரை அடக்கி, படபடக்கும் நெஞ்சை அமர்த்திக்கொண்டு, கீழே இறங்கிச் சிரித்த முகத்துடன் பரிசுகளைப் பிரித்தாள். இறைவன் தந்த அருளே தன்னை மாற்றியது என்பது அவர் நம்பிக்கை.

1888 ஏப்ரல் 9ஆம் நாள், தம் பதினைந்தாம் வயதில், அவர் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கும் அச்சம் ஒருமுறை பாய்ந்து வந்தது. 1890 செப்டம்பர் 7ஆம் நாள், வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்திய இரவில், தம் இறையழைத்தலே வெறும் கனவோ என்ற திகில் அவரைச் சூழ்ந்தது. அவர் அதை மூடி மறைக்கவில்லை. நவகன்னியருக்குப் பொறுப்பாக இருந்த சகோதரியிடம் உடனே சென்று சொன்னார். சொல்லி முடித்ததும் திகில் அகன்றது. மறுநாள் அமைதியோடு வார்த்தைப்பாடு கொடுத்தார்.

1895ஆம் ஆண்டு, மடத் தலைவியாயிருந்த பவுலினின் சொற்படி தம் இளமைக்கால நினைவுகளை எழுதத் தொடங்கினார். தாயின் மறைவிலிருந்து பதினான்காம் வயதுவரை உள்ள காலமே மிகவும் துன்பமானது என்று அதில் பிரித்துக் காட்டினார். 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில், காசநோயால் இறைவனடி சேர்ந்தார். 1925இல் புனிதர் பட்டமும், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற சிறப்பும் பெற்றார்.

தேர்வு அறையிலோ, மேடையிலோ, வீட்டில் ஒருவர் நோயுற்ற வேளையிலோ திடீரென நம் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. வெளியே சொன்னால் பிறர் நகைப்பார்களோ என்று நாம் மறைக்கிறோம். அச்சம் பாவமன்று, கோழைத்தனமும் அன்று. அது எப்போது வருகிறது, எதைத் தொட்டு வருகிறது என்று கவனிப்போம். தாயிடமோ, அக்காவிடமோ, நம் சகோதரிகளிடமோ மனம் திறந்து சொல்வோம். தேவையானால் மருத்துவரிடமும் செல்வோம். சிறுமலரின் குடும்பத்தாரும் அதையே செய்தனர். செபத்தோடு இவற்றையும் சேர்த்துக்கொண்டால், நடுங்கிய அந்தச் சிறுமிக்குக் கிடைத்த அமைதி நமக்கும் கிடைக்கும்.