தண்ணீரைக் கணக்கிட்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்துவிடுகிறார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 4 ஆண்டுகள் நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் கவனித்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. வரிச்சிக்குடி போன்ற கடைமடை ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

1891 ஏப்ரல் 14-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். சதாரா பள்ளியில் தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் திறந்துவிட்டால் குடிக்கலாம், பியூன் இல்லாத நாளில் தாகம்தான். 9 வயதில் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க மாட்டுவண்டியில் போனார். கையில் சோறு இருந்தும், குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமல் இரவெல்லாம் பட்டினி கிடந்தார்கள்.

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க 1923-ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் ஒப்புக்கொண்டது. ஆனால் காகிதத்தில் திறந்த குளம் கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ல் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளினார். சாதி இந்துக்கள் அடித்தார்கள், பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அந்த ஒரு கை நீருக்கான வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது.

1942-ல் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தன. மறு ஆண்டு தாமோதர் நதி கரையை உடைத்துக்கொண்டு கல்கத்தாவின் சாலையையும் ரயில் பாதையையும் துண்டித்தது. வெள்ளத்துக்குக் கரை கட்டினால் போதும் என்பதுதான் பழைய நினைப்பு. அண்ணலோ மிகுந்து வரும் நீரைச் செல்வமாகப் பார்த்தார். ஆறு எத்தனை மாகாணங்களில் ஓடினாலும் அதை ஒரே வடிநிலமாகக் கொண்டு, தேக்கி, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றார். 1945-ல் அமைந்த மத்திய நீர்வழி, பாசன ஆணையம்தான் இன்றைய மத்திய நீர் ஆணையம். (அவர் பதவி விலகியபின் எழுந்த அணைகள் ஆதிவாசிகளை ஊர் பெயர்த்தன. அதையும் மறக்கலாகாது.)

மாநிலங்களுக்கிடையிலான நதித் தகராறுகளுக்கு அரசியலமைப்பில் 262-வது பிரிவு வந்தது. அதன் வழியே 1956-ல் சட்டம், 1990-ல் காவிரி நடுவர் மன்றம், கடைசியில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வரும் தண்ணீரின் கணக்கு அது. 2018 தீர்ப்பில் தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பங்கைக் குறைத்தது. பூமிக்கடியில் இருப்பதும் பொதுக் கணக்குதான் என்றாகிவிட்டது.

ஆனால் ஊருக்குள் அது யாருடையது? போர் நிலத்துக்காரருடையது. கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பது நீரியலார் சொல்லும் கணக்கு. வாய்க்கால் வறண்டு, மழை தவறி, கடல் மட்டமும் உயரும் காலத்தில் குறுவை நாற்றுக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறுகிறது. நிலமுள்ளவர் இன்னொரு போர் போடலாம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவருக்குத் தெருவில் இருப்பது ஒரு அடிபம்பு. அது உப்புக் கரித்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

1947-ல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கை இதற்கு வழி சொன்னது. நிலம் அரசுடையது, சாதி பாராமல் ஊரார் கூட்டாகப் பயிரிட வேண்டும், தண்ணீர், மாடு, விதை, உரம் கொடுப்பது அரசின் கடமை. நிலப்பிரபுவும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. சபை அதை ஏற்கவில்லை.

கிணறு, குளம், படித்துறையில் யாரையும் தடுக்கக் கூடாது என்னும் 15-வது பிரிவு மட்டும் 1950-ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் இந்தியக் கொடி, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி. 1956 டிசம்பர் 6-ல் அண்ணல் மறைந்தார். நம் மண் சட்டப்படி இந்திய மண்ணானது 1962 ஆகஸ்ட் 16-ல்.