கதிர்காமத்துத் தீயும் டாக்டர் கோவூரின் கேள்வியும்

ஆடித் திங்கள் நெருங்கும்போது ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கதிர்காமப் பேச்சு எழுவது வழக்கம். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பல திசைகளிலிருந்தும் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு சென்று வந்துள்ளனர். மாகாணத்தின் தென்கோடியில், மொனராகலை மாவட்டத்தில் உள்ள அத்தலத்தில் முருகன் சந்நிதியை அடுத்தே பள்ளிவாசலும், ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு வழங்கப்படும் இடமும் இருப்பதை நம் வாசகர்கள் அறிவர். காவடியும் கொடியேற்றமும் அருகருகே நிகழும் அந்த மண்ணில் தீமிதிப்பும் உண்டு. அந்தத் தீயைப் பார்த்து, இது தெய்வத்தின் செயலா, பாதத்தின் செயலா என்று கேட்டவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஆபிரகாம் தோமஸ் கோவூர்.

கேரளத்தின் திருவல்லாவில் 1898 ஏப்ரல் 10ஆம் திகதி பிறந்தவர் அவர். தந்தையார் மார்த்தோமா திருச்சபையின் உயர்நிலைக் குருவானவர். ஆகவே வேதமும் வழிபாடும் நிறைந்த வீட்டிலேயே அவர் வளர்ந்தார். கல்கத்தாவின் வங்கவாசி கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் கற்றார். விடுமுறையில் ஊர் திரும்பும்போது உறவினர் கேட்ட கங்கை நீருக்குப் பதிலாக வழியில் கிடைத்த சாதாரண நீரைக் கொடுத்ததாகவும், அதைப் பருகியோர் பிணி தீர்ந்ததென மகிழ்ந்ததாகவும் அவரைப் பற்றிய கதை ஒன்று உண்டு. இளமைக் குறும்பு என்று அதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் நீர் மாறியும் நம்பிக்கை மாறாத அந்த அதிசயமே அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று என நாம் கருதுகிறோம். அவருடைய இளவல் பெகனான் கோவூரும் இதே நாட்டமுடையவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் யோகத்தை உளவியல் நோக்கில் ஆராய்ந்து 1937இல் நூல் வெளியிட்டவர்.

மூத்தவர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக அழைக்கப்பட்டு இலங்கை வந்தார். அங்கே கிறிஸ்தவ வேத பாடத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்களாம். மாணவர் அனைவரும் சிறப்பாகத் தேறினர். அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பாடத்தில் தேறிய பிள்ளைகள் பக்தியில் தேறவில்லை என்பதே காரணமெனச் சொல்லப்படுகிறது. பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரியிலும் கல்கிசையிலும் கற்பித்து, 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். நாடறிந்த கோவூர் அதன் பின்னர்தான் தோன்றுகிறார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இறுதிவரை இருந்தார். பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவு தங்கினார். ஆவி பிடித்ததாகக் கருதப்பட்டோரைத் துயில் நிலைக்கு ஆட்படுத்தி, அவர்தம் மனத்துள் புதைந்து கிடந்த அச்சத்தையும் அவமானத்தையும் வெளிக்கொணர்ந்தார். அவ்வனுபவங்கள் தமிழிலும் நூல்களாக வந்து நம்மவர் பலரின் உறக்கத்தைக் கெடுத்தன.

1963இல் அவர் விடுத்த அறைகூவல் உலகப் புகழ் பெற்றது. அற்புத ஆற்றல் உடையோர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அதனை நிரூபித்தால் ஒரு இலட்சம் ரூபா வழங்குவதாக அறிவித்தார். இயலக்கூடிய செயல்களின் பட்டியலையும் வெளியிட்டார். அப்பட்டியலில் ஒன்று, எரியும் தணலின் மீது அரை நிமிடம் அசையாது நின்று கொப்புளமின்றி வெளிவருவது. நடப்பது அன்று, நிற்பது! இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் ஓர் ஆசிரியரின் நுட்பம் தெரிகிறது. தணலில் நடப்பவனின் ஒவ்வொரு அடியும் நொடிக்கும் குறைந்த நேரமே தீயைத் தொடுகிறது. சாம்பல் படிந்த கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. கொழும்பு மருத்துவபீட உடற்றொழிலியல் அறிஞர் கார்லோ பொன்சேகா 1971இல் தீமிதிப்பைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டபோது, தடித்த உள்ளங்காலின் பங்கையும் எடுத்துக்காட்டினார்.

இவ்விடத்தில் நாம் நம் தோட்டங்களை நினைக்காமல் இருக்க முடியாது. செருப்பின்றி மலையேறி இறங்கிக் கொழுந்து பறித்த தலைமுறைகளின் பாதம் அது. மாரியம்மன் திருவிழாவில் தீயைத் தாங்கிய தோல், அருளுக்கு முன்பே உழைப்பால் தடித்திருந்தது. அதனை அறிவதால் பக்தருக்கு இழுக்கு ஏதும் இல்லை.

கோவூரை வெறும் கடவுள் மறுப்பாளராக மட்டும் பார்ப்போர் அவருடைய பணியின் பாதியைத் தவறவிடுகின்றனர். லயன் அறையில் ஒரு பெண் தலைவிரித்து ஆடினால் கோடாங்கி வருவார், உடுக்கை ஒலிக்கும், கோழி அறுபடும். கடன் வாங்கிய பணம் கைமாறும். சில வேளைகளில் அடியும் விழும். அவள் நடிக்கவும் இல்லை, அவளைப் பேய் பிடிக்கவும் இல்லை, அவள் நோயுற்றிருக்கிறாள் என்ற மூன்றாவது விடையை இந்நாட்டு மக்களிடம் ஓயாது எடுத்துச் சொன்னவர் கோவூர். வைத்தியம் வேண்டிய ஒருத்தியைச் சாட்டையிலிருந்து காக்கும் விடை அது.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இது அந்நியமானதன்று. மறைவானவற்றை அறிவது இறைவனுக்கு மட்டுமே உரியது என்பது இஸ்லாத்தின் அடிப்படை. குறி கேட்பதையும் சூனியத்தையும் மார்க்கம் கண்டிக்கிறது. இருந்தும் நூல் கட்டுவோரையும் இஸ்மு பார்ப்போரையும் தேடிச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் முற்றாக ஒழியவில்லை. கோவூர் இறைவனையே மறுத்தார். அந்த இடத்தில் நம்பிக்கையாளர் அவரைப் பிரிந்து செல்வர். ஆனால் இறைவனின் பெயரால் கடை விரித்தோரை அவர் மடக்கியபோது, ஆலிம்களும் சைவப் பெரியோரும் அவருக்கு எதிரணியில் நின்றிருக்க வேண்டிய அவசியமில்லை.

அவருடைய ஆய்வில் ஒரு குறை இருந்தது. இது உண்மையா, பொய்யா என்று கேட்ட அளவுக்கு, இது இம்மக்களுக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையும் இழந்து, 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட சமூகத்துக்குத் தோட்டத்துக் கோயிலே பெயரும் ஊரும் தந்தது. தமிழ் இந்துக்களின் கையிலிருந்த கதிர்காமத் தீமிதிப்பு சிங்கள பௌத்தர்களிடையே எவ்வாறு பரவியது என்பதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1978இல் ஆராய்ந்தார். தீயில் இறங்குவோரின் வாழ்க்கைத் துயரங்களையும் அவர் கேட்டறிந்தார். கோவூரின் அளவுகோல் நின்றுவிடும் இடத்திலிருந்து அவ்வாய்வு தொடங்குகிறது. இரண்டும் நமக்கு வேண்டியவையே.

அறைகூவல் விடுத்த தொகையைக் கோவூரின் காலத்தில் எவரும் வென்றதில்லை. 1978 செப்டெம்பர் 18ஆம் திகதி அவர் காலமானார். சமயக் கிரியைகள் எவையும் இடம்பெறவில்லை. கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவரின் கல்விக்கும் எழுதி வைத்திருந்தார். எலும்புக்கூடு, தாம் கடைசியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குச் சேர வேண்டுமென்பதும் அவருடைய விருப்பமாக இருந்தது.