ஆம்ப்ளிஃபயர் ஏன் சுடுகிறது? சூட்டுக்குக் கணக்கு எழுதிய ஜூலின் கதை

இரண்டரை மணி நேரப் படம் ஓடி முடிந்ததும் ஹோம் தியேட்டர் ரிசீவரின் மேல் கை வைத்தால் சுடும். ஏதோ ரிப்பேர் என்று பயம் வரும். பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. பிளக்கில் இருந்து இழுத்த மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகாத பங்கு வெப்பமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். மின்சாரத்துக்கும் சூட்டுக்கும் உள்ள இந்தக் கணக்கை எழுதியவர் பேராசிரியர் கிடையாது. பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

பீர் ஆலையில் ஒரு தெர்மாமீட்டர்

இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1818 டிசம்பர் 24 அன்று பிறந்தார் ஜூல். சின்ன வயதில் உடம்புக்கு முடியாது, படிப்பெல்லாம் வீட்டிலேயேதான். அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டனிடம் அண்ணனோடு சேர்ந்து சில காலம் கணக்குப் படித்தார். கல்லூரிப் பட்டம் வாங்கவில்லை.

குடும்பத் தொழிலில் வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் சரக்கு கெட்டுவிடும். அங்கே பழகிய தெர்மாமீட்டர்தான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

ஆலையின் நீராவி இன்ஜினுக்குப் பதில் மின்மோட்டார் வைத்தால் செலவு குறையுமா? இப்படித்தான் ஆராய்ச்சி தொடங்கியது. பேட்டரிக்கான துத்தநாகம் நிலக்கரியைவிட விலை அதிகம் என்று தெரிந்ததும் அந்த ஆசை போனது. ஆனால் கம்பி ஏன் சூடாகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. மின்சாரம் பாயும் கம்பியைத் தண்ணீரில் வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார்.

1840இல் விடை கிடைத்தது. மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவதுதான் அந்தச் சூட்டின் அளவு. அதாவது, கரன்ட் இரண்டு மடங்கானால் அதே கம்பியில் சூடு நான்கு மடங்கு. பத்தாம் வகுப்பில் படித்த ஜூல் வெப்ப விதி இதுதான்.

யாரும் காது கொடுக்கவில்லை

லண்டன் ராயல் சொசைட்டி அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. 1843இல் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில், வேலையும் வெப்பமும் ஒன்றாக ஒன்று மாறக்கூடியவை என்று விளக்கினார். அவையில் மௌனம்தான். வெப்பம் என்பது அழியாத ஒரு திரவம் என்று பலர் நம்பிய காலம் அது.

ஜூல் சண்டைக்குப் போகவில்லை. இன்னும் துல்லியமாக அளந்தார். எடை கீழே இறங்கும்போது துடுப்புச் சக்கரம் தண்ணீரைக் கலக்கும். தண்ணீர் மிக மிகக் கொஞ்சம் சூடாகும். அந்தக் கொஞ்சத்தைத்தான் அளந்தாக வேண்டும்.

1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறுபடி பேசினார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் அன்று கேள்வி கேட்டார். 23 வயதுதான் தாம்சனுக்கு. உடனே ஏற்கவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. இருவரும் பிறகு பல ஆண்டுகள் சேர்ந்து ஆய்வு செய்தனர்.

1850இல் ராயல் சொசைட்டி ஜூலை உறுப்பினராக்கியது. 1854இல் மனைவி அமீலியா இறந்தார். 1889 அக்டோபர் 11 அன்று ஜூலும் காலமானார். கல்லறைக் கல்லில் 772.55 என்ற எண் இருக்கிறது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க எத்தனை அடி-பவுண்டு வேலை தேவை என்பதற்கு அவர் கண்ட அளவு அது.

ரிசீவருக்குள் ஜூல்

இன்று ஆற்றலின் அலகு ஜூல். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். ஒரு ரிசீவர் 300 வாட் இழுத்து 200 வாட்டை ஸ்பீக்கருக்குத் தந்தால், விநாடிக்கு 100 ஜூல் பெட்டிக்குள் சூடாகத் தங்கும். இந்த மிச்சம் எவ்வளவு என்பது ஆம்ப்ளிஃபயர் எந்த ‘கிளாஸ்’ என்பதைப் பொறுத்தது.

*கிளாஸ் ஏ:* டிரான்சிஸ்டரில் எப்போதும் கரன்ட் ஓடும். ஒலி சுத்தம், ஆனால் திறன் ஏட்டளவிலேயே 50 சதவீதத்தைத் தாண்டாது. பாட்டே ஓடாதபோதுதான் அதிகம் சுடும், எடுத்த மின்சாரம் முழுக்கச் சூடாவதால்.

*கிளாஸ் பி:* ஒலி அலையின் ஒரு பாதியை ஒரு டிரான்சிஸ்டரும், மறுபாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். உச்சத் திறன் சுமார் 78.5 சதவீதம். கை மாறும் இடத்தில் ஒலி சற்றுப் பிசிறும்.

*கிளாஸ் ஏபி:* அந்தப் பிசிறைக் குறைக்க எப்போதும் கொஞ்சம் கரன்ட் ஓடவிடுவார்கள். பல ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் இருப்பது இதுதான். அதனால்தான் சத்தம் குறைவாக இருக்கும்போதும் வெதுவெதுப்பு.

*கிளாஸ் டி:* டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி முழுசா ஆன், இல்லையென்றால் முழுசா ஆஃப். இரண்டு நிலையிலும் இழப்பு குறைவு. திறன் 90 சதவீதத்தையும் தொடும். குட்டி புளூடூத் ஸ்பீக்கர் சூடாகாமல் சத்தமாகப் பாடுவது இதனால்தான்.

8 ஓம் ஸ்பீக்கரை மாற்றி 4 ஓம் போட்டால், அதே வால்யூமில் கரன்ட் இரண்டு மடங்கு. ஒயரில் சூடு நான்கு மடங்கு. எனவே ரிசீவர் எத்தனை ஓம் தாங்கும் என்று பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. மேலே செட்-டாப் பாக்ஸை அடுக்காமல், காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். கணக்குப்படி வரும் சூட்டைத் தடுக்க முடியாது. வெளியே போக வழி விடத்தான் முடியும்.