டான் பாஸ்கோவும் தொழில் பயிலும் சிறுவர்களும்

இத்தாலி என்றதும் மாஜினி, கரிபால்டி, கவூர் ஆகிய மூவர் பெயர்களே நம்மவருக்கு நினைவு வருவது வழக்கம். சிதறிக் கிடந்த தேசத்தை ஒன்றாக்கிய அம்மூவரின் பெருமை பெரிது. ஆயினும் அதே காலத்தில், அதே நாட்டின் டூரின் நகரத்தில், ஆரவாரமின்றி வேறொரு தேசத் தொண்டு நடந்து வந்தது. தாய் தந்தையரை இழந்தோ, சிறையிலிருந்து மீண்டோ, தெருவில் நின்ற பையன்களுக்கு ஜீவன மார்க்கம் தேடிக் கொடுப்பதே அத்தொண்டு. அதைச் செய்தவர் டான் பாஸ்கோ என்று உலகம் அழைக்கும் ஜியோவான்னி பாஸ்கோ என்ற பாதிரியார். டான் என்பது அந்நாட்டில் குருமார்களுக்கு வழங்கும் மரியாதைப் பெயர்.

அவர் 1815-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி பீட்மாண்ட் பிரதேசத்தில் பெக்கி என்னும் குக்கிராமத்தில், ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தை காலமானார். எழுத்தறியாத தாயார் மார்கரீட்டாதான் பிள்ளைகளை வளர்த்தார். பன்னிரண்டாம் வயதில் அவர் வீட்டை விட்டு அயலார் பண்ணையில் மாடு மேய்க்கும் வேலைக்குப் போக நேர்ந்தது. பின்னர் பள்ளியில் படித்த வருஷங்களில் தையற்காரரிடத்தும் கொல்லரிடத்தும் கைவேலை பழகினார். காபிக் கடையில் வேலை செய்து வயிறு வளர்த்தார். பிறர் வீட்டு உப்பைத் தின்று, பிறர் பட்டறையில் தொழில் கற்றவர் அவர். ஆதலின் வேலைக்கார பையனின் கஷ்டத்தை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

1841-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி அவர் குருப்பட்டம் பெற்றார். டூரின் அப்பொழுது வேகமாக வளர்ந்து வந்த நகரம். மலைக் கிராமங்களிலிருந்து கூட்டங் கூட்டமாகச் சிறுவர்கள் வந்து, கொத்தர்களுக்குச் சிற்றாள்களாகச் சாரங்களில் ஏறி உழைத்தார்கள். வேலை இல்லாத நாளில் அவர்களுக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை. தம் ஆசானாகிய கஃபாஸோ என்பவருடன் நகரத்துச் சிறைச்சாலைகளுக்குச் சென்ற பாஸ்கோ, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். அதனினும் அவரை வருத்தியது வேறொன்று. இனி நல்லபடி வாழ்வோம் என்ற உறுதியோடு விடுதலையாகிப் போனவர்களிற் பலர், சில நாட்களிலேயே அதே சிறைக்குத் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லாததே காரணம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அவ்வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, ஒரு மாதா கோவிலின் பக்க அறையில், கொத்து வேலை செய்யும் அநாதைப் பையன் ஒருவனுக்கு உபதேசம் செய்யத் தொடங்கியதே அவருடைய பணியின் ஆரம்பம். ஒருவன் பலரானான். இடமின்றிப் பல இடங்களில் அலைந்த பின், 1846-ல் வால்டோக்கோ என்ற புறநகரில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. தாயார் கிராமத்தை விட்டு வந்து மகனுக்குத் துணை நின்றார். மறு வருஷம் முதல் வீடற்ற பையன்களுக்கு அங்கேயே தங்க இடமும் உணவும் கொடுக்கலானார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் போதனையோடு அவர் நின்றுவிடவில்லை. வாரநாட்களில் பட்டறைகளுக்கும் கட்டடம் எழும்பும் இடங்களுக்கும் போய்ப் பையன்களைப் பார்த்தார், முதலாளிகளோடு பேசினார், வேலையற்றவனுக்கு யோக்கியமான எஜமானனைத் தேடினார். சோறிட்டு வளர்ப்பது எளிது. வளர்ந்த பையனை எந்த வாசலுக்கு அனுப்புவது என்பதே அரிது. விடுதியின் வாசலுக்கும் பட்டறையின் வாசலுக்கும் இடையே உள்ள சிறு தூரத்தில்தான் எத்தனையோ வாழ்க்கைகள் கெட்டுப் போகின்றன.

அத்தூரத்தைக் கடக்க அவர் கண்ட உபாயம் எழுத்து மூலமான ஒப்பந்தம். 1851, 1852-ம் வருஷங்களில் அவர் செய்துகொண்ட சில ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. 1852-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி ஒரு தச்சு மேஸ்திரியோடு செய்தது முத்திரைத் தாளில் எழுதப்பட்டது. அவற்றின் ஷரத்துக்கள் கவனிக்கத்தக்கவை. குறித்த கால அளவில் தொழிலின் நுட்பம் முழுவதையும் எஜமானன் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமற்ற வேலைகளில் பையனை ஏவக் கூடாது. தவறு செய்தால் வாயால் கண்டிக்கலாமேயன்றிக் கை நீட்டலாகாது. பண்டிகை நாட்களில் ஓய்வு தர வேண்டும். தேர்ச்சி வளர வளரக் கூலியும் உயர வேண்டும். கண்ணாடி வேலைக்கான ஓர் ஒப்பந்தம் வருஷத்தில் 15 நாள் விடுமுறையும் விதிக்கிறது. பையனோ சுறுசுறுப்பும் பணிவும் கவனமும் உடையவனாக இருக்கக் கடமைப்பட்டான். அவனுடைய நன்னடத்தைக்குத் துணை நிற்பதாக டான் பாஸ்கோ தாமே கையெழுத்திட்டார்.

இந்தக் கையெழுத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அநாதைப் பையனை வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளி தயங்குவது எப்பொழுதும் கொடுமையினால் அன்று. இவன் யார், எந்த ஊர், நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற சந்தேகமே அவனைத் தடுக்கிறது. குடும்பமுள்ள பையனுக்குத் தகப்பனோ மாமனோ பொறுப்பேற்கிறான். இல்லாதவனுக்கு டான் பாஸ்கோ பொறுப்பேற்றார். அதனால் முதலாளியின் பயம் நீங்கிற்று. பையனும் கேட்பாரற்றவன் என்ற நிலை நீங்கினான். இருதரப்பாருக்கும் கடமையை வரையறுத்ததால் அது பிச்சையாகவும் இல்லை, அடிமைத்தனமாகவும் இல்லை.

1850-லேயே அவர் தொழிலாளிப் பையன்களுக்கென்று ஒரு பரஸ்பர சகாய சங்கம் ஏற்படுத்தியிருந்தார். வாரந்தோறும் ஒரு சிறு காசு செலுத்தியவன் நோயுற்றாலும் வேலை இழந்தாலும் சங்கம் உதவும். ஆனால் நகரத்துப் பட்டறைகள் எல்லாம் நல்லவையாக இருக்கவில்லை. தொழிலோடு தீய பழக்கங்களையும் பையன்கள் கற்று வருவதைக் கண்டு, 1853 முதல் தம் இடத்திலேயே பட்டறைகளை நிறுவலானார். முதலில் தையலும் செருப்புத் தைத்தலும், பிறகு புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சுக்கூடம், கொல்லுலை என்று ஒவ்வொன்றாக வளர்ந்தன. 1859-ல் சலேசிய சபை தோன்றியது. 1888-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அவர் காலமானார். 1934-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அச்சபையார் 1906-ல் தஞ்சாவூரில் வந்திறங்கி, இந்நாட்டில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள்.

இந்தச் சரித்திரத்தால் நாம் அறிய வேண்டியது யாது? இந்நாட்டில் குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளை, பதினெட்டு வயது நிரம்பியதும் வெளியேற வேண்டியவன். 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் அதற்குப் பின்னும் பண உதவிக்கும் ஆதரவுக்கும் இடம் வைத்திருக்கிறது. 1961-ம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தொழில் பயில்வோரைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆகவே சட்டம் இல்லாத குறை இல்லை. ஒரு சட்டத்தின் பையனை மற்றொரு சட்டத்தின் பட்டறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஆள்தான் வேண்டும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்கள் இதைச் செய்யலாகாதா? தமக்குத் தெரிந்த முதலாளியிடம் சென்று ஒரே ஒரு பையனுக்கு இடம் கேட்கலாம். தொழிலை முழுதும் கற்றுத் தருதல், உயர்ந்து வரும் கூலி, ஓய்வு, அடியாமை என்ற ஷரத்துக்களை எழுதி வாங்கலாம். மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போய் இருதரப்பாரையும் விசாரிக்கலாம். முதலாளிகளும் ஆண்டு விழாவில் அநாதைகளுக்கு அன்னதானம் செய்வதோடு திருப்தியடையாமல், பட்டறையில் ஓரிடம் ஒதுக்குவார்களாக. ஒரு நாள் அன்னம் ஒரு நாள் பசியைத் தீர்க்கும். கைத்தொழிலோ ஆயுள் முழுவதும் சோறு போடும். டூரின் நகரத்து ஏழைப் பாதிரியார் ஒருவரின் கையெழுத்தால் இது நடந்தது. நம் கையெழுத்துக்கும் அந்த மதிப்பு உண்டு.