பூச்சியைத் தேடிக் கடல் கடந்தவர்

1860களில் தென் பிரான்சின் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. பட்டுப்போன கொடிகளின் வேரில் எதுவும் தென்படவில்லை. 1868ஆம் ஆண்டு ஜூல் பிளாஞ்சோன் என்ற தாவரவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் உயிருள்ள கொடி ஒன்றைத் தோண்டிப் பார்த்தனர். அதன் வேரில் மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதைக் கண்டறிய உதவியவர், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்த சார்லஸ் வெலன்டைன் ரைலி.

ரைலி 1843ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் விடுதிப் பள்ளிகளில் பயின்றார். ஓவியத்தில் தேர்ந்தார்; பிரெஞ்சு மொழியையும் கற்றுக்கொண்டார். பதினேழாம் வயதில் அமெரிக்காவிற்குக் கப்பலேறி, இலினோய் மாநிலத்தில் பண்ணை வேலை செய்தார். பின்னர், சிகாகோவில் வேளாண் இதழ் ஒன்றில் பூச்சிகளைப் பற்றி எழுதியும் வரைந்தும் பெயர் பெற்றார். பல்கலைக்கழகத்தில் படிக்காத அவரை, 1868இல் மிசூரி மாநிலம் தன் முதல் பூச்சியியலாளராக நியமித்தது.

அமெரிக்கத் திராட்சை இலைகளில் கொப்புளங்களை உண்டாக்கும் பூச்சியை ரைலி நன்கு அறிவார். பிரான்சில் வேரைத் தாக்குவதும் அதே பூச்சிதான் என்றார். இலையில் வாழ்வதும் வேரில் வாழ்வதும் எப்படி ஒன்றாகும் எனப் பலர் ஐயுற்றனர். 1871இல் அவர் பிரான்சுக்கே சென்று இரண்டையும் ஒப்பிட்டார். அவர் கருத்தே சரியாயிற்று. ஐரோப்பியர் இறக்குமதி செய்த அமெரிக்கக் கொடிகளோடு அப்பூச்சியும் கப்பலில் வந்திருந்தது.

ஆனால், அமெரிக்கக் கொடிகள் பல அதே பூச்சி தாக்கியும் சாகவில்லை. அவற்றின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே வழி என்று ரைலியும் பிரெஞ்சு அறிஞர்களும் வலியுறுத்தினர். 1873இல் அமெரிக்கா வந்த பிளாஞ்சோனுக்கு ரைலி துணைநின்றார். மறு ஆண்டு பிரான்சு அரசு ரைலிக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

எனினும், கேட்டை அனுப்பிய நாட்டிலிருந்தே மருந்தையும் வாங்குவதா என உழவர் பலர் தயங்கினர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பூச்சி இல்லாத ஊருக்கு அமெரிக்கக் கொடிகள் சென்றால், அவற்றோடு பூச்சியும் சென்றுவிடுமே! ஒரு நாடு மட்டும் சட்டம் இயற்றினால் போதாது. ஆகவே, ஐரோப்பிய நாடுகள் சில 1878இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி, திராட்சைச் செடிகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்தன. 1951இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்திற்கு இதுவே முன்னோடி. ஒட்டுக்கொடிகளால் பிரான்சின் தோட்டங்களும் மெல்லத் தழைத்தன.

பின்னர், ரைலி அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளரானார். அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செதில் பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதன் எதிரியும் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கும் என்று அவர் கணித்தார். ஆனால், அத்துறையின் பணத்தில் வெளிநாடு செல்லத் தடை இருந்தது. மெல்பர்ன் கண்காட்சிக்குச் சென்ற குழுவில் ஆல்பர்ட் கோபெலி என்ற உதவியாளரைச் சேர்த்து அனுப்பினார். அவர் அனுப்பிய பொறிவண்டுகளில் 129 உயிரோடு வந்து சேர்ந்தன. அவை பெருகிப் பரவ, 1889ஆம் ஆண்டு முடிவதற்குள் தோட்டங்கள் பிழைத்தன. வெற்றியின் புகழ் யாருக்கு என்பதில் ரைலிக்கும் கோபெலிக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. ரைலி எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர்.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், வாஷிங்டன் நகரின் சரிவான சாலை ஒன்றில் ரைலி மிதிவண்டியில் விரைந்து சென்றார். வழியில் கிடந்த கல்லில் சக்கரம் மோதியது. தலையில் அடிபட்ட அவர் அன்றே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 51.